மட்டாஞ்சேரிக் குரலும் மன்னார்ச் சொல்லும்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன். சண்டைக் காலத்தில் இரண்டு தடவை மன்னார்த் தீவை விட்டு ஓடி, இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்தவன். வந்து தென்னங்கிடுகால் ஒரு வாடி போட்டேன். வாடி என்றால் கடற்கரையில் வலையும் மீனும் வைத்து, ஆட்களும் படுக்கிற கொட்டில். கிடுகைக் காற்றுக் கொண்டுபோனது. தகரம் போட்டேன், தகரத்தை உப்புத் தின்றது. கல்லால் கட்டினேன், நிற்கிறது. எங்கள் கரையில் முதல் கல்வாடி என்னுடையது. பக்கத்தில் கிணறு வெட்டினேன். உவர்தான் வரும் என்று சிரித்தவர்களின் குடங்களெல்லாம் இன்றைக்கு அந்தக் கிணற்றடியில்தான் நிற்கின்றன. நம்பித் தர ஆளில்லாத காலத்தில் ஒரு வள்ளம் எடுத்தேன், அந்த வள்ளம் இன்னொரு வள்ளத்தைக் கொண்டுவந்தது. கடற்றொழில் சங்கத்துக்கு ஐஸ் கொட்டில் கட்டுவித்தேன். கோயில் மணிக்கூண்டில் பாதி என் மீன். வள்ளமும் ஆட்களும் வைத்துத் தொழில் நடத்துகிறவனைச் சம்மாட்டி என்போம். சனம் என்னை நீக்கிலாச் சம்மாட்டி என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

இவ்வளவையும் சொல்வது பெருமைக்கு மட்டும் இல்லை. இவ்வளவையும் தென்மேற்கிலிருந்து வீசுகிற ஒரே ஒரு கச்சான் காற்று அசைத்துவிட்டது என்று சொல்லத்தான்.

கேரளக் கரைக்கு அப்பால் பெட்டி ஏற்றிய கப்பல் ஒன்று தாழ்ந்தது. அங்கே தாழ்ந்த கப்பல் எங்களை என்ன செய்யும் என்று இருந்தோம். கச்சான் வீசியது. சவ்வரிசி மாதிரி வெள்ளைக் குறுணி எங்கள் கரை முழுக்க வந்து படிந்தது. பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்குகிற குறுணியாம். அந்த நேரத்தில் ஒரு ஆம்பிளைக் குரல் போன் போனாகச் சுற்றி வந்தது. தமிழ்தான், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. “கப்பல் முங்கிப் போச்சு. வெள்ளை மணி கரையில அடியும். எல்லாரும் நல்லா சூட்சிச்சுக்கோங்க.”

சூட்சி என்றால் என்ன? சூழ்ச்சி என்றார் ஒருவர். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வந்த ஒரு பிள்ளைதான் கடைசியில் விளக்கம் சொன்னாள். அவளோடு வேலை செய்த மலையாளப் பெண், பாஸ்போர்ட்டை சூட்சிச்சு வை, சங்கிலியை சூட்சிச்சு வை என்று சொல்லுவாளாம். பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்கிறார்கள் என்றாள். சனத்துக்கு அது சரியாகவும் பட்டது. முந்தி கொழும்புக் கரையில் இப்படி ஒரு கப்பலால் அழிவு வந்தபோது நட்டஈடு கொடுத்தார்களே, அத்தாட்சி இருந்தால்தானே நாங்களும் கேட்கலாம்? அள்ளினார்கள். சாக்குச் சாக்காக அள்ளி, சங்கத்தின் பழைய ஐஸ் கொட்டிலில் அடுக்கினார்கள். பிறகு காற்று இன்னும் மூர்க்கமாகி, கொட்டிலின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கடல் உள்ளே வந்தது. சாக்குகள் வெடித்து அவ்வளவு குறுணியும் பின்பக்கத்து ஆழமில்லாத சிறுகடலுக்குள் போனது. அந்தச் சிறுகடலின் புல்லுக்குள்தான் எங்கள் நண்டும் இறாலும் குஞ்சாக வளர்கின்றன. கரையில் கிடந்தால் அள்ளலாம். சேற்றோடு கலந்ததை யார் அள்ளுவது?

என் மகனின் நண்டு வலை இன்றைக்கும் வெள்ளை வெள்ளையாகத்தான் ஏறுகிறது. வள்ளத்தை விற்றுவிட்டு வெளிநாடு போகப்போகிறேன் என்கிறான். இன்னொரு கச்சான் இப்படி வந்தால் நான் கட்டின வாடியை நானே பூட்ட வேண்டியதுதான்.

ஆகையால், இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாட்டுத் தொழிலாளிகளும் ஆராய்ச்சிக்காரரும் கேரளத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் கூடுகிறார்கள், ஒரு கரையில் நடந்ததை மறு கரைக்கு உடனே சொல்ல ஏற்பாடு செய்யப்போகிறார்கள், ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது நான் எழும்பினேன். சங்கத்தில் இங்கிலிஷ் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இருக்கட்டும். போனது நான்.

முதல் நாளே பஸ் என்னை ஏமாற்றியது. வைட்டிலாவில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். பஸ் பலகையில் மலையாள எழுத்து. சிங்கள எழுத்தின் தம்பி மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது, இரண்டும் எனக்குத் தெரியாது. கண்டக்டர் என்னவோ கேட்க நான் தலையை ஆட்ட, திருப்பூணித்துறையில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துக் கடைக்காரர் என்னுடைய போனை வாங்கி, என்னை அழைத்துப்போக வந்தவருடன் கதைத்தார். அவர் வைட்டிலாவில் நின்று தேடிக்கொண்டிருந்தாராம். கொஞ்சத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

பெயர் மாரியப்பன். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தங்கிய குடும்பம். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. கப்பல் தாழ்ந்தபோது கரையைக் கூட்டியவர்களில் ஒருவர் என்று அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தமிழ்க்காரரை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, வைட்டிலா எங்க இருக்கு, நீங்க எங்க நிக்கிறீங்க. ராஜா இருந்த ஊருக்கால்ல வந்துட்டீங்க.”

“சம்மாட்டி எண்டால் சும்மாவோ தம்பி. பஸ்ஸுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றேன்.

மட்டாஞ்சேரிக்குள் போனதும் சுக்கும் மிளகும் மூக்கில் ஏறின. அதற்குக் கீழே சாக்கடைக் கானில் தேங்கிய தண்ணீரின் நாற்றம். எங்கள் ஊர் வீதியில் கழுதைகள் நிற்கிற மாதிரி இங்கே ஆடுகள் நிற்கின்றன. கழுதை ஓரமாக நின்று யோசிக்கும், இந்த ஆடுகள் நடுவீதியில் நின்று ஆளை முறைக்கின்றன. மாரியப்பன் வீட்டில் கட்டில், அலமாரி, தையல் மெசின் எல்லாம் செங்கல்லின் மேல் நின்றன. கடல் பெருக்கு நேரத்தில் கான் வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வருமாம். சுவரில் உப்புப் பூத்து இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். என் தகர வாடியைத் தின்ற அதே உப்பு.

எனக்குத் தபசுகாலம், ஈஸ்டர் வரைக்கும் நோன்பு, இறைச்சி தொடமாட்டேன். வழியெல்லாம் பரோட்டாவும் மாட்டிறைச்சியும் மணத்தைக் காட்டி என்னைச் சோதித்தன. மாரியப்பனின் மனைவி பார்வதி கப்பையும் சாளைக் கறியும் வைத்தார். கப்பை என்றது மரவள்ளிக் கிழங்கு. கறியில் போட்ட குடம்புளி எங்கள் கொறுக்காய்ப் புளியேதான். சாளையை அவர்களும் சாளை என்றுதான் சொல்கிறார்கள். மீனுக்கும் புளிக்கும் எல்லை இல்லை என்று நினைத்துச் சாப்பிட்டேன். ஆனால் சாளை விரல் அளவுதான் இருந்தது. இப்போது இதுதான் கிடைக்கிறது, அதையும் மார்க்கெட்டில் ஆட்கள் வயிற்றைக் கீறிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றார் பார்வதி. எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. வாயில் கப்பை இருந்தது.

இரண்டாம் நாள், கூட்டத்துக்கு முன்னால் எறணாகுளத்தைக் காட்டுகிறேன் என்று மாரியப்பன் கூட்டிப்போனார். திரும்பும்போது காயலைக் கடக்கக் கண்ணாடி போட்ட, குளிரூட்டின புதுப் போட்டில் ஏறச் சொன்னார். நான் பழைய சர்க்கார் போட்டுத்தான் வேண்டும் என்றேன். எஞ்சின் சத்தம் கேட்காவிட்டால் போட்டு ஓடுகிறது என்று எனக்கு நம்பிக்கை வராது. காயலில் தாமரை மாதிரி இலை வைத்த களை படர்ந்து, அதற்குள் போத்தல்களும் ஒற்றைச் செருப்புகளும் மாட்டிக் கிடந்தன. பெட்டிகளை மாடிமேல் மாடியாக அடுக்கிய கப்பல் ஒன்று எங்களைக் கடந்து வெளிக் கடலுக்குப் போனது. போட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தினமும் போகிற பஸ் மாதிரி. நான் அது மறையும்வரை பார்த்தேன். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ, எந்தக் காற்றுக்கு எங்கள் பக்கம் வருமோ.

மட்டாஞ்சேரி இறங்குதுறையில் பாசி பிடித்த படி. மாரியப்பன் முன்னால் இறங்கித் திரும்பிச் சொன்னார்: “அண்ணாச்சி, நல்லா சூட்சிச்சு கேட்டோ.”

எனக்குத் தெரிந்த சொல் ஆச்சே. கள்ளன் இருக்கிறான்போல, பையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார் என்று கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்தேன். கால் வழுக்கியது. முழங்கால் படியில் அடித்து, அரைவாசி உடம்பு தண்ணீருக்குள். நாற்பது வருசத்துக்கு மேல் கடலில் விழாத நான் ஒரு இறங்குதுறையில் விழுந்தேன். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

“சூட்சிச்சு இறங்குங்கன்னு சொன்னேனே அண்ணாச்சி. கம்பிய ஏன் விட்டீங்க?”

“நீ சொன்னபடிதானே பையைப் பிடிச்சனான்.”

“பையையா? பார்த்து எறங்குங்கன்னு அர்த்தம். பாம்பு வந்தாலும் இங்க சூட்சிச்சுன்னுதான் சொல்லுவோம்.”

“பாம்பைப் பத்திரமா எடுத்து வைக்கிறதோ?”

பக்கத்தில் நின்ற ஒரு சேட்டன் சிரித்தார். மாரியப்பனும் சிரித்துக்கொண்டே விளக்கினார். பொருளைச் சொன்னால் பத்திரமாக வை என்று அர்த்தமாம், ஆபத்தைச் சொன்னால் கவனமாக இரு, விலகி நில் என்று அர்த்தமாம். ஒரே சொல்தான். மலையாளத்துக்காரர் அப்படித்தான் சொல்வார்கள், இங்கே பிறந்த தமிழரும் அப்படியே சொல்வார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் எரிந்தது, அதைவிட வேறொன்று எரிந்தது. அந்தச் சொல்லை அவர் இழுத்த இழுவை, ‘நல்லா’ என்று தொடங்கின விதம். இறங்குதுறை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நனையாமல் காப்பாற்றின பையிலிருந்து போனை எடுத்தேன். நான் அழிக்காமல் வைத்திருந்த அந்தக் குரலைப் போட்டேன். கப்பல் முங்கிப் போச்சு. வெள்ளை மணி கரையில அடியும்.

மாரியப்பனின் முகம் கறுத்தது. “இது என் சத்தம்,” என்றார்.

தூத்துக்குடியில் வள்ளம் வைத்திருக்கும் மச்சானுக்கு அனுப்பினாராம். அது கடல் கடந்ததே அவருக்குத் தெரியாது. அங்கே கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டார். மறைக்க எனக்கு வரவில்லை. சாக்குகளையும் கூரையையும் சிறுகடலையும் சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார். கரையில் அந்தக் குறுணியை முறத்தால் புடைத்துப் புடைத்து எடுத்த கை. ஒரு அலை எடுத்ததை அடுத்த அலை கொண்டுவந்து போடுமாம்.

“நான் நல்லதுக்குத்தானே சொன்னேன், அண்ணாச்சி.”

“ஓம் தம்பி. காத்தும் எங்களைக் கெடுக்கவெண்டு வீசயில்லை.”

“ஒருத்தராவது எனக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே. என்னடா இந்தச் சொல்லுக்கு அர்த்தம்னு.”

“உன்ர பேரையும் ஊரையும் நீ சொல்லயில்லையே. ஆரைக் கேக்கிறது?”

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பார்வதி என்னைப் பார்த்தார், நான் என் முழங்காலைப் பார்த்தேன். பின்னேரம் மாரியப்பன் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஒருவர் வறுத்த நிலக்கடலை விற்றுக்கொண்டு வந்தார். அதற்கு இங்கே கப்பலண்டி என்று பெயர். எங்கள் நாட்டில் அதைக் கச்சான் என்போம். நாங்கள் காற்றின் பெயரால் கூப்பிடுவதை இவர்கள் கப்பலின் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று மாரியப்பனிடம் சொன்னேன். கப்பலும் கச்சானும் ஒரே கடதாசிச் சுருளுக்குள் இருந்தன. இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கொறித்துவிட்டு மீதியைக் காகத்துக்குப் போட்டோம்.

மூன்றாம் நாள் கூட்டம். புறப்படும்போது மாரியப்பன், “என் பேர மட்டும் அங்க சொல்லாதீங்க அண்ணாச்சி, வேலை போயிரும்,” என்றார். சரி என்றேன்.

மண்டபம் மீன்பெட்டி மாதிரிக் குளிர்ந்தது. கடல் ஆராய்ச்சி டாக்டர் அம்மா ஒருவர் தலைமை. பொறுமையான ஆள், தொழிலாளிகளையே முதலில் கதைக்கவிட்டார். தாழ்ந்த பெட்டிகளில் இன்னும் எத்தனை அடியில் கிடக்கின்றன, எப்போது வெடிக்கும் என்று கொச்சி வள்ளக்காரர் ஒருவர் கேட்டார். அந்த அம்மா தெரியாது என்று நேராகச் சொன்னார். சொன்ன பிறகு மண்டபத்தில் குளிர் கூடினமாதிரி இருந்தது.

பிறகு, ஆபத்து வந்தால் எல்லாக் கரைக்கும் போனில் அனுப்பப்போகிற குரல்செய்தியை வாசித்தார்கள். தமிழில் ‘கவனமாக இருக்கவும்’ என்று இருந்தது. மலையாளத்தில், அதே சூட்சி. நான் கையைத் தூக்கினேன்.

தமிழிலேயே சொன்னேன், சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் தம்பி மற்றவர்களுக்குச் சொன்னார். ஒரு குரல் வந்தது, ஒரு சொல் வந்தது, அந்தச் சொல்லால் என் ஊர் நஞ்சைச் சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்தது என்றேன். நேற்று வரைக்கும் எனக்கும் அர்த்தம் தெரியாது என்று சொல்லி, வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினேன். மாரியப்பன் கடைசி வரிசையில் குனிந்திருந்தார்.

“கவனம் எண்டு சொல்லாதேங்கோ,” என்றேன். “எங்கட ஊரிலயும் கவனமா வை எண்டால் எடுத்து வை எண்டுதான் அர்த்தம். என்ன செய்யவேணும் எண்டு வேலையைச் சொல்லுங்கோ. வலை வலி. கையால தொடாதே. வீட்டுக்குக் கொண்டுபோகாதே.”

மொழிபெயர்ப்பாளர் தம்பிக்குச் சந்தேகம். வலி என்றால் வேதனை இல்லையா ஐயா என்றார்.

“வலை வலிச்சுப் பார், தம்பி. ரெண்டும் ஒண்டுதான்.”

கடற்கரை ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் பார்த்தேன், மொழிபெயர்ப்புக்கு முன்னமே சிரித்திருந்தார்கள். மலையாளத்திலும் வலி என்றால் இழு. கொச்சி வள்ளக்காரர் எழும்பி, கையால் வலையை இழுத்துக் காட்டி, “வல வலி, அத்ரே உள்ளு,” அவ்வளவுதானே என்றார். நீர்கொழும்பிலிருந்து வந்த ஸ்டான்லி சிங்களவர். தமிழ் ஆட்களோடு தொழில் செய்து பழகினவர். “நித்திரையில சொன்னாலும் நான் எழும்பி வலிப்பேன், அண்ணே,” என்றார். டாக்டர் அம்மா பழைய வசனத்தை அழித்துவிட்டு என்னுடையதை எழுதச் சொன்னார்.

இன்னும் ஒன்று கேட்டேன். செய்தி சொல்பவரின் பெயரும் ஊரும் கடைசியில் வரவேண்டும் என்று. அதை யோசிக்கலாம் என்றார்கள். தேத்தண்ணி வந்தது. இங்கே அதற்குச் சாயா என்று பெயர், பால் கூட, சீனி அதைவிடக் கூட. நாட்டுக்காரர் எல்லாரும் ஒன்றாக நின்று படம் எடுத்தார்கள். நான் முன்வரிசையில் நின்றேன், முழங்கால் நோவோடு.

நாலாம் நாள் மாரியப்பன் வைட்டிலா வரைக்கும் வந்து, சரியான பஸ்ஸில் தானே ஏற்றிவிட்டார். ஒரு பொட்டலம் கப்பலண்டி தந்தார். மகன் வள்ளத்தை விற்றுவிடுவானா என்று கேட்டார். தெரியாது என்றேன். பஸ் புறப்படும்போது யன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“அண்ணாச்சி, இதை எங்கயாவது எழுதினா என் பேரைப் போட்டுக்கோங்க. வேலை போனாப் போவுது. இனி சத்தம் அனுப்பினா மட்டாஞ்சேரி மாரியப்பன்னு சொல்லித்தான் அனுப்புவேன்.”

ஆகையால்தான் அவர் பெயரை இங்கே எழுதினேன்.

ஊருக்கு வந்து, தபசுகாலம் முடிந்து, பாஸ்காவும் கழிந்தது. போன கிழமை அந்தக் குரல்செய்தி ஒத்திகைக்காக எல்லாப் போனுக்கும் வந்தது. நான் வாடியில் இருந்தேன். மகன் வலையிலிருந்து குறுணி பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பெண்பிள்ளையின் தெளிவான குரல். வலை வலி. கையால் தொடாதே. வீட்டுக்குக் கொண்டுபோகாதே. என் சொல், அச்சு மாறாமல். கடைசியில், நிபுணர் குழுவின் ஆலோசனைப்படி என்று சொல்லி முடிந்தது.

“ஆரப்பா இது?” என்றான் மகன்.

“என்ர சொல்லடா. மட்டாஞ்சேரியில நான் சொன்னது.”

“உங்கட பேரைக் காணயில்லையே. ஊர் பேர் தெரியாத குரலை ஒருக்கா நம்பினது போதும்.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பவும் பொறுக்கத் தொடங்கினான்.

நான் பெற்ற பிள்ளையே நம்பவில்லை. அப்படியென்றால் தூத்துக்குடியில், கொச்சியில், நீர்கொழும்பில் யார் வலையை வலிக்கப்போகிறார்கள்? கச்சானுக்கு இன்னும் அதிக நாள் இல்லை. பெட்டிகள் அடியில்தான் கிடக்கின்றன.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களிடம் நான் கேட்பது இதுதான். நிபுணர் குழுவை எடுங்கள். அவர்கள் நல்லவர்கள், ஆனால் அந்தச் சொல் அவர்களுடையது இல்லை. கடைசியில், இது மன்னார் நீக்கிலாப்பிள்ளை சம்மாட்டி தந்த சொல் என்று அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். என் பெயர் எல்லாக் கரையிலும் கேட்கவேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல் விளங்காதவன் யாரைக் கேட்பது? என்னைக் கேட்கட்டும். சொல் பிழைத்தால் என்னைத்தான் வந்து பிடிக்கட்டும். என் வாடி கல்லால் கட்டினது. நான் அங்கேதான் இருப்பேன்.